இடக்கைப் பூதன் உயிரோடிருப்பது குறித்து

கழி காக்க, கடல் காக்க, களமும் காக்க.

ஏழு நாட்டு வளைகோற் களங்களில் ஆறில் தோற்ற பின்னும் ஏழாவது களத்துக்குக் குடை பிடித்து எழுந்தருளிய பெருந்தகையும், தோல்வியை வாயில் வரை சென்று வரவேற்பதில் முன்னோர் எவரையும் விஞ்சியவரும், உப்பும் மீனும் குறைவின்றியும் வெற்றி சற்றே குறைந்தும் விளையும் கருங்கழி நாட்டின் வேந்தருமாகிய நெடுவேள் எயினந்தையார் கோடைக்கு வீற்றிருக்கும் குன்றுமனைக்கு, வளைகோற் படைக்கு ஆள் கொள்வதையும் விடுவதையும் தொழிலாக உடைய ஆட்கோள் அமைச்சன் சாத்தந்தை அடி வணங்கி விடுக்கும் ஓலை.

குன்றுமனையில் காற்று இனிதாக வீசுக. தேவியாரின் இருமல் தணிக. இங்கே நாடு நலம். படை நலமில்லை.

வரும் வைகாசி முழுநிலவில் தொடங்கும் எழுநாட்டு ஆட்டத்தில் நம் பக்கம் யார் யார் கோல் ஏந்தி நிற்பார் என்று வினவி, வேந்தர் தாமே மூன்று விதமாக வரிசை வகுத்தும் அனுப்பியிருந்தீர்கள். மூன்றையும் கண்டேன். முதல் வரிசையில் பதினொருவருக்குப் பதில் பதின்மூவர் நிற்கின்றனர். இரண்டாவதில் வாயிற்காவல் எவருக்கும் தரப்படவில்லை. சென்ற ஆண்டின் முடிவுகளை நோக்கின் இதனால் பெரிய வேறுபாடு நேராது. மூன்றாவது வரிசை உண்மையிலேயே செம்மையானது. ஆயினும் அதில் இடப்பக்க முன்னவனாகத் தாங்கள் குறித்திருப்பவன் இடக்கைப் பூதன். பூதன் ஆட இயலாது. அவன் இறந்து ஏழு திங்கள் ஆகின்றன. இதனை அவனிடமும் சொல்லிவிட்டேன்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தொடக்கம் முதல் சொல்வது என் கடமை.

முத்து விளையும் நாடுகள் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடுவதைத் தடுக்க, ஏழு நாட்டாரும் கூடி, எந்த நாடும் தன் வளைகோற் படைக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் கலம் நெல்லுக்கு மேல் படியளக்கலாகாது என்று விதித்ததும், அதற்குக் கல வரம்பு என்று பெயரிட்டதும் தாங்கள் அறிந்தவை. ஓலையில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் நமக்கு இல்லாமையால், பலர் இதனைக் கலவரம் என்று படித்துவிட்டு, கடைசியில் ஒரு பு எதற்கு என்று கேட்கின்றனர். பொருள் பெரிதும் மாறுவதில்லை. அவ்வாயிரத்துக்குள் ஆடுவோர் படியோடு ஆட்கோள் அமைச்சனின் படியும் அடங்கும். என் படி நூற்றைம்பது கலம். ஆடுகிறவனைவிட ஆடாதவனுக்கு அதிகமாக அளக்கும் ஊர் இது ஒன்றுதான் என்று பூதன் ஒருமுறை என் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. அவனுக்கு அப்போது வயிறு நிறைந்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தென்கரை நாட்டை நாம் வென்றோம். நாம் கடைசியாக வென்ற நாளும் அதுவே. அன்று ஐந்து பந்துகளை எதிர்வாயிலில் செலுத்திய பூதனைத் தழுவிக்கொண்டு, எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் நூற்று நாற்பது கலம் தருவதாகத் தாங்கள் களத்திலேயே முத்திரை பதித்தீர்கள். பூதனுக்கு அகவை முப்பத்து நான்கு என்பதைத் தங்கள் செவியருகே சொன்னேன். முரசு பெரிதாக ஒலித்துக்கொண்டிருந்தது.

சென்ற ஐப்பசியில் மேலைத்திட்டைக் களத்தில் பந்து தெறித்து அவன் தொடையில் பட்டது. வரம்பைக் காக்கும் எழுவர் அவைக்கு, விதிப்படி, பூதன் தொடையில் காயம் பட்டான் என்று எழுதி, கீழே சாத்தந்தை என்று பெயரும் இட்டு அனுப்பினேன். அவையின் ஏட்டறையில் அவ்வோலையைச் செல் அரித்தது. முதல் வரியில் பூதன் என்ற பெயர் தப்பியது. கடைசி வரியில் தப்பியவை இரண்டே சொற்கள்: பட்டான் சாத்தந்தை. தொடையும் காயமும் செல்லின் வயிற்றுக்குள் போயின. அவையின் எழுத்தரோ வாழ்நாளெல்லாம் வீரக்கற்களைப் படித்துப் பழகியவர்கள். கல்லில் பட்டான் என்றால் களத்தில் இறந்தான் என்ற ஒரே பொருள். பூதன் பட்டான் என்று பதிந்து, இரங்கல் தெரிவித்து, அவன் படி இனி வரம்பில் சேராது என்றும், அவன் மனைவிக்குப் பட்டவர் குடிக்குரிய உதிரப்பட்டி நிலம் விடுக என்றும் மறுமொழி விடுத்தனர்.

அம்மறுமொழி வந்த காலையில், பூதன் என் முற்றத்தில் தொடையில் மருந்துக் கட்டோடு அமர்ந்து பழஞ்சோறு உண்டுகொண்டிருந்தான். நான் திருத்தம் எழுத எழுத்தாணியை எடுத்தேன். எடுத்த கையோடு கூட்டிக் கழித்தும் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஓர் ஆழாக்கு நெல்லும் மிஞ்சாத வரம்புக்குள், நூற்று நாற்பது கலம் ஒருசேர வெறுமையாக நின்றது. எழுத்தாணியை வைத்துவிட்டேன். என் குற்றம் இதுதான். பிற்பாடு கல் நட்டதும், அதற்குத் தாங்கள் தலைமை ஏற்றுக் கண் கலங்கியதும், முதற் கள்ளை நானே படைத்ததும், பிறகு தாங்கள் அவற்றை மறந்ததும் இதைத் தொடர்ந்து வந்தவை. விழாவின்போது பூதன் வீட்டுக்குள் இருந்தான். பறை நன்றாக இருந்ததென்று பின்னர் சொன்னான்.

ஒழிந்த நூற்று நாற்பதில் நூற்று முப்பதைக் கொடுத்து வடதுறைக் கீரனைக் கொண்டோம். பத்தைக் கொடுத்து ஒரு மாற்றாளைக் கொண்டோம். கீரன் இருபத்திரண்டு அகவையினன். அவனைப்போல் ஓடுபவன் ஏழு நாட்டிலும் இல்லை. இடர் என்னவெனில், அவன் ஓடும் வேகத்துக்கு நம்மவர் தள்ளும் பந்து வருவதில்லை. அவன் எதிர்வாயிலை அடைந்து, பந்துக்காகக் காத்து, எதிரியின் காவலனோடு மழை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

பூதனின் தொடை மூன்றே திங்களில் ஆறிவிட்டது. அன்று முதல் தொல்லை.

ஊரார் அனைவரும் அவன் உயிரோடிருப்பதை அறிவர். ஏடுகள் மட்டும் அறியா. கடைத்தெருவில் அவனுக்கு மீன் விற்கிறார்கள். பயிற்சிக் களத்தின் வாயிலிலோ, பெயர்வரிசையில் இல்லாதவனை விடலாகாது என்பதால், அவன் தோழனே ஈட்டியைக் குறுக்கே நீட்டுகிறான். பனைமட்டை வேலியில் ஓர் இடைவெளி செய்துகொண்டு அதன் வழியே நாள்தோறும் பயிற்சியைப் பார்க்கிறான். படி நின்றுவிட்டது. உதிரப்பட்டி நிலத்தில் உப்புப் பூக்கிறதே தவிர நெல் விளைவதில்லை. ஆகவே தன் கல்லுக்கு ஊரார் படைக்கும் அவலையும் கள்ளையும் மாலையில் அவனே எடுத்து உண்கிறான். படைத்தவர்கள் அவனைக் கண்டால், முதலில் கல்லை வணங்கி, பிறகு அவனிடம் தொடை எப்படி இருக்கிறதென்று கேட்டுப் போகின்றனர்.

அவன் மனைவி எயினி, அமைச்சு மன்றத்துக்கு வந்து முறையிட்டாள். சாட்சி சொன்ன சொல்லைத் திருத்தி எழுதுவது குற்றமாகையால், சொன்னபடியே பொறிக்கிறேன்:

“தாலிய எடுத்துரு, நிலத்துக்குப் பத்திரமா இருக்கும்னு உங்க ஆளு வந்து சொல்றான். வீட்டுல குத்துக்கல்லாட்டம் ஒருத்தர் உக்காந்து சோத்துக்குப் புளி கம்மின்னு சொல்லிட்டிருக்காரு, நான் எதுக்கு எடுக்கணும்? வேணும்னா அந்தக் கல்லுக்கு ஒரு பொண்டாட்டியப் பாத்துக் கட்டி வைங்க, அவ எடுக்கட்டும். நான் நிலம் கேட்டேனா, நெல்லு கேட்டேனா? இந்த மனுசன் ராத்திரியில தூக்கத்துல காலை ஒதைக்கிறாரு ஐயா. பந்து அடிக்கிறாரு. என் காலுதான் வீங்கிக் கெடக்கு.”

பூதனும் உடன் வந்திருந்தான். இறந்தவன் மன்றத்தில் பேச விதி இல்லாமையால் அவன் பேச்சை முற்றத்தில் வைத்துக் கேட்டேன். படி இல்லாமலே ஆடுகிறேன் என்றான். வேந்தர் முத்திரையிட்ட படியைக் குறைக்க வேந்தராலும் ஆகாது என்று விளக்கினேன். தொடையைத் தட்டிக் காட்டினான். பிறகு சொன்னது:

“செத்தது கூடப் பரவால்லங்க ஐயா, பழகிருச்சு. களத்துக்குள்ள விடமாட்டேங்கிறாங்க பாருங்க, அதான் தாங்கல. எனக்கு முப்பத்தேழு ஆகுது. இந்த வைகாசி ஒண்ணு ஆடுவேன். இது போச்சுன்னா காலு போயிரும். அப்புறம் நீங்க கல்லுல எழுதினது சரியாப் போயிரும்.”

வெற்றிலை கொடுத்து அனுப்பினேன்.

இதற்கிடையே நம் தந்திரம் நாடு கடந்தது. தை மாதத்தில் தென்கரை நாட்டின் ஆட்டக்காரர் நால்வர் ஒரே நாளில் பட்டனர். நால்வரும் மறுநாள் சந்தையில் இறால் வாங்கினர். மேலைத்திட்டையார் முன்யோசனையோடு, ஆள் பெயர் எழுதாத கற்கள் ஆறு செய்து வைத்துள்ளனர். இவ்வழியே போனால் படை முழுவதும் பட்டுவிடும் நாளில், வரம்பு எவரையும் உறுத்தாது. எழுவர் அவை விழித்துக்கொண்டு, இனிச் சாவுகளை ஏற்பதில்லை என்றும், சித்திரை முடிவில் தூதர் வந்து கல்தோறும் பார்வையிடுவர் என்றும், பொய்ச்சாவு கண்ட நாடு ஏழு ஆண்டு களம் இழக்கும் என்றும் ஆணையிட்டது.

ஆணையின் கடைசியில் ஒரு சிறு விலக்கு உண்டு. பதிந்த சாவை நீக்க இயலாது; ஆனால் யாருடைய சாவு என்பதில் எழுத்தர் பிழை நேர்ந்திருந்தால், தூதர் வருமுன் வேந்தர் முத்திரையோடு பெயரை ஒருமுறை திருத்தலாம், அதற்குத் தண்டமில்லை.

ஆக, பூதன் எழ வேண்டுமெனில் வேறொருவன் பட வேண்டும். அவனுடைய நூற்று நாற்பது கலம் மீண்டும் வரம்புக்குள் வருவதால், படுபவனுடைய படி அதற்குக் குறையக் கூடாது. கீரனை எண்ணினேன். நூற்று முப்பது; பத்துக் கலம் போதாது. அன்றியும் வடதுறையில் அவனுக்குத் தாய் இருக்கிறாள், அவளுக்குச் செய்தி போகும். வாயிற்காவலர் படி நாற்பது நாற்பதாக இருப்பதால் மூன்றரைக் காவலர் பட வேண்டும்; நம்மிடம் இருப்பவர் இருவர். பின்வரிசை முழுவதையும் எண்ணினேன். வேந்தரும் வரிசை வகுப்பதில் விருப்பமுடையவர் ஆகையால் இம்மகிழ்ச்சியற்ற வேலை எத்தகையது என்பதை உணர்வீர்கள்: ஒவ்வொரு பெயரின்மேலும் விரலை வைத்து, இவன் செத்தால் எவ்வளவு என்று கேட்பது. மூன்று நாள் இதையே செய்தேன். நான்காம் நாள், அவையிலிருந்து திரும்பி வந்த அந்தச் செல்லரித்த ஓலையை எடுத்துக் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

பட்டான் என்பது செய்தியின் முடிவு. சாத்தந்தை என்பது எழுதியவன் பெயர். இரண்டையும் சேர்த்துப் படிக்க எவருக்கும் தடையில்லை. சாத்தந்தையின் படி நூற்றைம்பது. பூதனுக்கு நூற்று நாற்பது போக, பத்துக் கலம் மிஞ்சும். அதற்கு ஒரு மாற்றுக் காவலனைக் கொள்க. இருப்பவர் இருவரும் பந்தைக் கண்டால் வழி விடும் நற்பண்பினர்.

ஏழு திங்களாகப் பட்டுக் கிடந்தவன் எவ்வாறு தொடர்ந்து ஓலை எழுதினான் என்று அவை ஐயுறக்கூடும். நான் எழுதிய நாற்பத்தொரு ஓலைகளில், பூதன் சாவு குறித்த ஒன்றைத் தவிர வேறெதற்கும் மறுமொழி வந்ததில்லை. படித்திருப்பார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை; என் முகத்தை அறிந்த தூதரும் இல்லை.

தங்கள் முத்திரைக்குக் காத்திராமல் இன்று காலை கல்தச்சனை அழைத்துக்கொண்டு கல்லடிக்குச் சென்றேன். புதுக் கல்லுக்கு நெல் இல்லாமையால் அதனையே திருப்பி நட்டு, மறுபக்கத்தில் என் பெயரை வெட்டச் சொன்னேன். உருவம் எப்படி வேண்டும், கையில் கோல் வைக்கட்டுமா என்று கேட்டான். எழுத்தாணி வைக்கச் சொன்னேன். சிறிதாக இருக்கும், தூரத்திலிருந்து பல்குத்தும் குச்சி என்று நினைப்பார்கள் என்றான். இருக்கட்டும் என்றேன்.

வெட்டி முடிய மாலையாயிற்று; பூதன் படையலுக்காக வழக்கம்போல் அங்கே வந்தான். செய்தியைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான்.

“உங்களுக்குத்தான் வீட்டுல யாருமில்லையே ஐயா. படையல் யாரு வைப்பா?”

நான் அதை எண்ணியிருக்கவில்லை என்றேன்.

“நான் வைக்கிறேன். எனக்கு மொதக் கள்ளு நீங்கதான வெச்சீங்க. ஆனா அவலோட வெல்லம் வெச்சா எடுத்துத் தின்னுருங்க, விட்டா எறும்பு வந்துரும். அந்தக் கல்லுல எறும்பு சாஸ்தி.”

இத்துடன் என் கடைசி வரிசையை இணைத்துள்ளேன். தங்கள் மூன்றாவது வரிசைதான் அது. ஒரே ஒரு மாற்றம். கீரனை வலப்பக்க முன்னவனாக நிறுத்துக. இடப்பக்கத்திலிருந்து பூதன் களத்தின் குறுக்கே தள்ளும் பந்து ஒன்றே அவன் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கும் என்று ஏழு திங்களாக எண்ணி வருகிறேன். ஒருவன் உயிரோடிருந்தால் மற்றவனுக்கு நெல் இல்லை என்பதால் இதுகாறும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து நிற்கும் களத்தை நான் கண்டதில்லை. வெல்வோம் என்று எழுதமாட்டேன்; ஒன்பது ஆண்டுகளாக அப்படி எழுதியே வேந்தரைக் களைப்படையச் செய்தேன். கீரனுக்கு இம்முறை மழை பற்றிப் பேச நேரமிராது என்று மட்டும் எழுதுகிறேன்.

பட்டவன் களத்துள் நுழையலாகாது. வேலியில் பூதன் நின்று நின்று தேய்த்த இடைவெளி இருக்கிறது. அவன் நெடியவன், நான் குறியவன். ஒரு கல்லைப் போட்டு ஏறிக்கொள்வேன்.

இவ்வோலை குன்றுமனை சேர்ந்த நாளிலேயே பெயர்த் திருத்தத்தில் கயல் முத்திரை பதிக; தூதர் வருமுன் அது அவை சேர்க. பூதன் எழுக, எயினியின் கால் ஆறுக. கீரன் ஓடுக. எனக்குரிய உதிரப்பட்டியை அந்த உப்பு நிலத்தை அடுத்தே விடுக, வரப்பு ஒன்று மிச்சம்.

கழி உள்ளளவும் கடல் உள்ளளவும் இச்சொல் நிற்க. செல் அரிக்கும் அளவும் இவ்வோலை நிற்க.

எழுத்தும் ஏடும் அறிய,

பட்டான் சாத்தந்தை.