பத்தாவது பெயர்

ரெட்டிபாளையம்
3.11.2025

அன்பு மகள் ஷைனிக்கு,

அடைக்கல மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நேற்று கல்லறைத் திருநாள், ஏலாக்குறிச்சி போய் உன் தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். வழியெல்லாம் மனசு கசந்தே கிடந்தது.

மருத்துவ இன்சூரன்சுக்கு ஜி.எஸ்.டி. வரியை எடுத்துவிட்டார்கள், நம் பட்டறைப் பெண்கள் பத்துப் பேருக்கும் போட்டுவிடுங்கள் என்று செய்தி அனுப்பினாயே, அந்த வாரம்தான் அம்சவள்ளிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாக நம்மிடம் சிமெண்ட் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். அவள் வீட்டுக்காரன் பழனிவேல் லோடு ஆட்டோ வாங்கியதும் வருமானம் கூடிவிட்டதென்று அரசாங்கக் காப்பீட்டு அட்டையும் இல்லாமல் போய்விட்டது. உன் செய்தியை நம்பி ஆடிட்டர் குருமூர்த்தியிடம் ஓடினோம். அந்த மனுஷன் சிரிக்கிறார். தனி ஆளாக எடுத்தால்தான் வரி இல்லையாம், தொழிலாளிகளுக்குச் சேர்த்து எடுத்தால் பதினெட்டு சதவீதம் அப்படியே நிற்கிறதாம். சரி தனியாகவே எடுக்கிறோம் என்றேன், ஏற்கெனவே இருக்குற கட்டிக்கு மூணு வருசம் காத்திருக்கணும்ங்க என்றார். கட்டி காத்திருக்குமா? பிரீமியத்தை வருமான வரியில் கழிக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, அதுக்கு மொதல்ல வருமான வரி கட்டணும்ங்க மிக்கேல், தார்ப்பா தைக்கிற பொம்பளை எங்க கட்டுறா என்கிறார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. வரி கட்ட வசதி உள்ளவனுக்குப் பார்த்துப் பார்த்துச் சலுகை, ஊசி பிடிக்கிறவளுக்கு வெறும் செய்தி.

எழுந்து வரும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. சேத்து எடுத்தாலும் அம்சவள்ளி பேரு உங்க சம்பள நோட்டுலயே இல்லியேங்க என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும். பத்துப் பேர் ஆனால் தொழிலாளர் காப்பீட்டுக்கு இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்று ஒன்பது பெயரோடு நோட்டை நிறுத்தச் சொன்னவரே அவர்தான், தலையாட்டியது நாங்கள். ஆபீசர் யாராவது வந்தால் அம்சவள்ளி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி. அவரு போயிட்டாரு வாங்கக்கா என்று கூட்டிவர உன்னைத்தானே அனுப்புவேன். நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய், எங்கள் பங்கும் அவர்கள் பங்கும் சேர்த்தே அவ்வளவுதான். அதைக் கட்டியிருந்தால் பத்துப் பேருக்கும் என்றைக்கோ வைத்தியம் கிடைத்திருக்கும். அரசாங்கத்தைத் திட்டிய வாயைக் கழுவிக்கொண்டேன், ஆனாலும் அந்தப் பதினெட்டு சதவீதத்தை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் பத்தாவது வரியில் அவள் பெயரை நானே எழுதி, இ.எஸ்.ஐ.யில் பதிந்துவிட்டோம். வியாழக்கிழமை ஆபீசர் சரிபார்க்க வந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளைப் பார்த்தவர், பத்தாவது ஆள் எங்கம்மா என்றார். திரும்பிப் பார்த்தால் அவள் மெஷினில் பாதி தைத்த தார்ப்பாய்தான் கிடக்கிறது. பைக் சத்தம் கேட்டதுமே பழக்கத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ரோட்டுக்கு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவள், என்னக்கா, நீங்களே வந்துட்டீங்க, அவரு போயிட்டாரா என்று கேட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கையெழுத்துப் போட்டாள். பெயர் ஏறிய நாளிலிருந்தே வைத்தியம் உண்டு என்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார்.

பதினான்காம் தேதி ஆபரேஷன், அவளுக்காக ஒரு செபமாலை சொல். வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. மறக்காமல் ஒன்று செய், நீ வேலை பார்க்கும் இடத்து நோட்டில் உன் பெயர் இருக்கிறதா என்று உன் கண்ணாலேயே பார்த்துவிடு. உன் முதலாளியும் என்னைப் போல நல்லவராக இருக்கலாம்.

உன் அம்மா,
அமலோற்பவமேரி