பின்வீட்டுக்குப் போகிற சந்து

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

முன்வீட்டை விற்க நீ அங்கிருந்தே பிடித்த சொத்து வக்கீலின் ஆபீசுக்கு வியாழக்கிழமை போனேன். அவர் பெருமையெல்லாம் நீ அச்சடித்து அனுப்பினாயே, இரண்டு பட்டம், இருபத்திரண்டு வருஷ அனுபவம், சட்டக் கல்லூரியில் பாடம் வேறு நடத்துகிறாராம், அத்தனையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார், சுவரே தெரியவில்லை. குமாஸ்தா என்னைப் பார்த்ததும் மை டப்பாவைத் திறந்து, பாட்டிம்மா கட்டைவிரலை நீட்டுங்க என்றான். அஞ்சாங்கிளாஸ் பாஸ் பண்ணினவள்டா நான், பேனாவை அப்புறம் கொடு, முதலில் பத்திரத்தைக் கொடு என்றேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஒரு மணி நேரம் ஆனது, வக்கீல் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும். வடக்கெல்லை என்று போட்ட இடத்தில் நம் சந்தும் சேர்ந்து விலைக்குப் போகிறது! பின்வீட்டில் தையல் மெஷினோடு இருக்கிற உன் தங்கை அப்புறம் தெருவுக்கு எப்படி வருவாள், கூரை ஏறிக் குதிப்பாளா? இடத்தை வந்து பார்த்தீர்களா ஐயா என்றால், வரைபடம் போதும்மா என்கிறார். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

உன் தங்கை மகளும் சொத்து வக்கீல்தானே, நாலு வருஷமாகப் பழைய பத்திரங்களோடு மல்லுக்கட்டுகிறாளே, அவளிடம் கொடுப்போம் என்று போன மாசம் போனில் நான் கேட்டதற்கு, அவ சின்னப் பொண்ணும்மா, அவளுக்கு என்ன தெரியும் என்றாய். அது ஸ்பீக்கரில் இருந்தது. என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள் குழந்தை. மீதி விரலையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். அந்தப் பெண்தான் வெள்ளிக்கிழமை காலையில் டேப்பைப் பிடித்துச் சந்தை அளந்தாள், மூன்றரை அடி. அப்படியே பதிவு ஆபீசுக்குப் போய் உன் அப்பா வாங்கிய பத்திரத்தின் நகலை எடுத்து வந்தாள், சந்து இரண்டு வீட்டுக்கும் பொது வழி என்று அதில் தெளிவாக இருக்கிறது. உன் இருபத்திரண்டு வருஷம் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஆளை நிறுத்திவிடு. பத்திரத்தை என் பேத்தி எழுதட்டும். ஆனால் அவளிடம் நான் கேட்க மாட்டேன், நீதான் கேட்க வேண்டும், அதுவும் மாமா என்கிற அதிகாரத்தில் இல்லை, வக்கீலைத் தேடி வந்த ஆளாக.

எவ்வளவு கோபம் இருந்தாலும் நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன் சின்ன மகளுக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு. ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அம்மா