குளிக்கலாம் என்று சொன்ன பக்கம்

இன்று காலை மழையில் ஊறிய ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தேன். அந்த ஈர ரெக்சின் வாடை மூக்கில் ஏறியது. உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பறந்த நாள் அப்படியே வந்து நின்றது.

பாண்டிச்சேரியில், உப்பளம் பகுதியில், தோழிகள் நாம் இருவரும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். வைத்திக்குப்பத்தில் கடலோரமாக விடுதி நடத்திய ஒருவருக்கும் செய்தோம்; அவரை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். 'கடலில் இறங்காதீர்கள், அலை உள்ளே இழுக்கும்' என்று அவர் சைட்டில் நீ எழுதியதை அவர் எடுக்கச் சொன்னார்.

"பயங்காட்டினா எவன் வருவான்? 'குளிக்க பீச்'னுதான் ஜனங்க தேடறாங்க. அத எல்லா பக்கத்துலயும் போடுங்க."

என் கையால் போடமாட்டேன் என்று நீ எழுந்துவிட்டாய். அவர் வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டார். நெட்டில் தேடினால் அவர் விடுதிதான் முதலில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி வாட்ச்மேன் போன் செய்தார். "சேலத்துலேருந்து வந்தவங்க உங்க சைட்ட பிரிண்ட் எடுத்து வச்சிக்கினு, புள்ளையோட குளிக்கப் போயிட்டாங்கம்மா. சொன்னா கேக்கல."

நீ உடனே வண்டியைக் கிளப்பினாய், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுடி" என்று வழியெல்லாம் புலம்பினாய். கரையில், படகுகளுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. கடலில் யாரையும் காணோம். இருவரும் கரையோரமாக ஓடினோம்.

கல்குவியலைத் தாண்டிய பிறகுதான் கண்டோம். இடுப்பளவுத் தண்ணீரில் அப்பா, அவர் தோளில் சிறுமி. நீ சுடிதாரோடு இறங்கிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். அவருக்குக் கோபம். "குளிக்கலாம்னு சைட்லயே போட்டிருக்குதுங்களே?" என்றார்.

ஈரம் சொட்டச் சொட்ட வண்டியேறி, நேராக முசே வீட்டு வாசலில் போய் நின்று நடந்ததைச் சொன்னாய். மறுநாளே உன் எச்சரிக்கை வரி பக்கத்தின் உச்சியில் ஏறியது. பாண்டிச்சேரிக் கடலில் குளிக்கலாமா என்று தேடியவர்களும் பிறகு அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார்கள். அன்று முசே வீட்டிலிருந்து திரும்பும்போது நீ சொன்னாய்: "படிக்கிறவங்க மூஞ்சிய நாம பாக்கறதே இல்லடி. பயமா இருக்குது."

நீ இறந்துபோன பிறகும் எனக்கு இதே வேலைதான். மக்கள் தேடுகிற வார்த்தைகளை நானும் போடுகிறேன். போட்டுவிட்டு, இதை நம்பி யார் எங்கே இறங்குவார்களோ என்று பயப்படுகிறேன். அந்தப் பயம் நின்றுபோகும் நாளை நினைத்தால்தான் இன்னும் பயம்.