பதினெட்டுச் சிரிப்பு

மார்ச் 4, கங்கிர்சுக், வட கியூபெக்
ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. தலைப்பு, தொண்டைப் பாட்டும் இனுயிட் பெண்களின் அடையாளமும். பதினெட்டுப் பாட்டு, எல்லாம் அகினிசியும் அவள் தங்கை சியாஜாவும் போன இலையுதிர்காலத்தில் என் சமையலறையில் நின்று பாடியவை. பதிவுகள் வெகு சுத்தம் என்று மாண்ட்ரியாலிலிருந்து பேராசிரியர் எழுதியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏனோ வரவில்லை.

மார்ச் 9
சியாஜா மாண்ட்ரியால் ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டியில் வந்து ஐந்து வாரம். இன்று அகினிசி உறைந்த மீனோடு வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சீவித் தின்றோம். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாட்டு எனக்கே தெரியும்டி. சியாஜா சிரிச்சுத் தோப்பாளே, அந்தச் சிரிப்பைப் போடு."

தேடித் தருகிறேன் என்றேன். பொய். தேட என்ன இருக்கிறது?

மார்ச் 10
தொண்டைப் பாட்டு என்றால் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மூச்சுக்குள் இன்னொருத்தி நுழைந்து பாடுவது. முதலில் சிரிப்பவள் தோற்றவள். பதினெட்டிலும் சியாஜாதான் தோற்றாள். அந்தப் பதினெட்டுச் சிரிப்பையும் இரைச்சல் என்று நான் வெட்டினேன். கணினியில் இடமில்லை என்று மூலப் பதிவையும் டிசம்பரில் அழித்தேன். இதே ஊரில் என் அம்மாவும் இப்படிப் பாடிச் சிரித்துத் தோற்றவள்தான். எல்லாம் தெரிஞ்சும் செஞ்சேனே, பாவி.

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. பாட்டுகளைப் பயன்படுத்தக் கையெழுத்துப் போட்டுத் தந்த அனுமதித் தாளைத் திருப்பிக் கேட்டாள்.

"உனக்கு அது குப்பை. எனக்கு அதுதான்டி என் தங்கச்சி."

மார்ச் 20
அனுமதித் தாளையும் பதினெட்டுப் பதிவையும் அகினிசி வீட்டில் கொடுத்தேன். அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இரண்டு வருட உழைப்பு, பட்டம் தள்ளிப்போகும் என்கிறார் பேராசிரியர். போகட்டும். அகினிசி கடையில் என்னைப் பார்த்தும் பாராததுபோல் போகிறாள், அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 17
அகினிசி வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பதிவுக் கருவியை ஓடவிட்டு எழுந்து நில் என்றாள். என் முழங்கைகளைப் பிடித்தாள். சியாஜா நின்ற இடத்தில் நான். பாடிப் பத்து வருடம் இருக்கும், பாட்டைப் பற்றி எழுதியதோடு சரி. அவளே தொடங்கினாள், நான் பின்னால் ஓடினேன். இரண்டு இடத்தில் இடறினேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். இருவருக்கும் வரவில்லை. மூச்சு முட்டித்தான் நிறுத்தினோம். அவள் கையை எடுக்கவில்லை.

"இதை வெட்டாத," என்றாள்.

நான்கு நிமிடப் பதிவு. பாட்டு ஒன்றரை நிமிடம்தான். மீதியெல்லாம் கெட்டில் கொதிப்பதும் அகினிசி மூக்கை உறிஞ்சுவதும். அப்படியே வைத்திருக்கிறேன்.