வெள்ளிப் பெயிண்ட்

பிரிக்பீல்ட்ஸ்,
14 நவம்பர் 1988.

அன்பு மகள் இராசேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழு வாரமாக உன் கடிதம் இல்லை. போன் செய்தால் வீட்டுக்காரம்மாதான் எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொல்கிறாள். அங்கே விடியற்காலை ஆறு மணிக்கும் வெளியேதானா என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் வராமலில்லை. மனம்தான் வரவில்லை.

கலை மையத்தை நடத்தும் மார்க்கிரட் உனக்குப் போட்டோ அனுப்பிவிட்டாளாம். ஆகவே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஏன் நடந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

போன வருட லீவில் பழைய தண்டவாளத்தை வெட்டி ஒட்டி, குனிந்து நிற்கும் ஒரு மனுஷியாக மையத்து முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனாய். நான் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. இந்த வருடம் மையத்தில் நடந்த கண்காட்சிக்கு முந்தின நாள்தான் போனேன். உடம்பெல்லாம் துரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் துருவைக் கண்டால் ரிப்போர்ட் எழுதியே பழகினவன் நான். மறுநாள் பண்டமாரானிலிருந்து உன் இராஜம்மா மாமி வேறு வருகிறாள். படிக்க வைத்த பிள்ளை பழைய இரும்புக்கடை போட்டிருக்கிறாள் என்று சொல்லாமல் விடுவாளா? அன்று ஞாயிற்றுக்கிழமை, மையத்தில் ஆளில்லை. காவல்காரர் வேலாயுதத்திடம் ஏணி வாங்கி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டேஷன் வேலிக்கு அடிப்போமே, அந்த வெள்ளிப் பெயிண்டை இரண்டு தரம் அடித்தேன். இந்த முதுகுவலியோடு.

உண்மையைச் சொல்கிறேன். நீ கணக்கியல் படிப்பை விட்ட நாளிலிருந்து உன் கண்காட்சி ஒன்றுக்கும் வராதவன், முதல்முறையாக உன் வேலையில் கை வைத்தேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் மாமி வாயாரப் புகழ்ந்தாள். நம்மவர்கள் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மார்க்கிரட் மட்டும் அசையாமல் நின்றாள். "அங்கிள், அந்தத் துருதான் அவ வேலையே லா. மழையிலே நிறம் மாறட்டும்னு ஒரு வருஷமா விட்டு வச்சிருந்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுததை வேலாயுதம் பிறகு சொன்னார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் போய்ச் சுரண்டுகிறேன். தின்னர் ஊற்றினாலும் மூட்டுகளுக்குள் இறங்கின பெயிண்ட் வருவதில்லை. அம்மா ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொடுத்து விடுகிறாள், பேச்சுத்தான் கொடுப்பதில்லை. பழையபடி ஆக நாலைந்து மழைக்காலம் வேண்டும் என்கிறான் வெல்டிங் கடைத் தம்புசாமி. எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது. கை அசந்துபோகிறது, பிள்ளை.

சிலையை வைத்திருப்பதா எடுப்பதா என்று மையத்துக் கமிட்டி உன்னைக் கேட்டு எழுதியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் உன் பதில் வராவிட்டால் எடுத்துவிடுவார்களாம். எடு என்றால் நானே லோரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். இருக்கட்டும் என்றால் முடிந்தவரை சுரண்டுகிறேன். எதுவானாலும் நீ சொல்ல வேண்டும்.

கமிட்டிக்கு எழுதும்போது அதே உறையில் எனக்கும் ஒரு தாள் வை. திட்டி எழுது. எவ்வளவு கடுமையாக எழுதினாலும் வாசிப்பேன். வாய் மூடி ஒதுங்கி இருப்பது என் பழக்கம். அத்தனை வருடம் அதை உன்னிடம் காட்டினேன். அதை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதே, ராசாத்தி.

முருகன் உனக்குத் துணையிருப்பான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா,
முத்துக்குமாரு