நீலத் தவளைப் பெட்டிக்காக நான் கொடுத்த பொய்ப் புகார்

அனுப்புநர்:
வெர்லின் ஹாக்ஸ்டாட்,
ஹீட்டர் பழுது பார்ப்பவர்,
பழைய ஆலைச் சாலை,
டமராக் பே, மினசோட்டா.

பெறுநர்:
மாவட்ட அஞ்சல் மேலாளர் அவர்கள்,
மாவட்ட அஞ்சல் தலைமை அலுவலகம்.

பொருள்: டமராக் பே தபால் ஊழியர் திருமதி ட்வைலா ப்ரூசோ மீது கடந்த ஜனவரியில் நான் கொடுத்த புகார் பொய்யானது எனத் தெரிவித்து, அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், என் மீது உரிய நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: (அ) இணையம் வழியே நான் அனுப்பிய புகார். (ஆ) விசாரணை அதிகாரியிடம் தொலைபேசியில் நான் சொன்ன பதில்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவதை எழுதும்போது கோபம் இருந்தது, உண்மை இல்லை. இதைப் பொறுமையாகப் படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஹீட்டர் பழுது பார்த்துப் பிழைப்பவன். தங்கள் டமராக் பே அஞ்சலகத்தின் ஹீட்டரும் என் கையில்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு, நான்காம் பத்தியில் வரும். வீட்டின் கீழ்த்தளத்தில் கண்ணாடித் தொட்டிகளில் சிறு தவளைகள் வளர்ப்பது என் பழக்கம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். காட்டில் இருந்தால் விஷம் உண்டு. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தவற்றால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. தபாலில் அனுப்பவும் தடை இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தீங்கெல்லாம் என் மனைவி கானிக்குத்தான். தப்பித்த ஈக்கள் மாடிக்கு வந்து அவர் காப்பியில் விழும். "கீழ தவளைக்குக் கோடை காலம், மேல நான் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊருக்கெல்லாம் ஹீட்டர் போடுற ஆளு கட்டின பொண்டாட்டி" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இனி ஒரு தவளைகூட வாங்குவதில்லை என்று போன வருடம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

2. என்னிடம் நீல நிற ஆண் தவளை ஒன்று இரண்டு வருடமாகத் தனியாக இருக்கிறது. பெண் தவளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போன்ற ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தினமும் கேட்டால் மனசு கேட்காது. டென்னஸியில் தவளை வளர்த்து விற்கும் கர்ட்டிஸ் லவ்லேஸ் என்பவரிடம் பெண் தவளை ஒன்று கேட்டேன். அவர் மறுத்தார். "ஜனவரியில மினசோட்டாவுக்கா? ஏப்ரல் வரைக்கும் பொறுங்க சார். ரெண்டு வருஷம் தனியாக் கெடந்தவன் இன்னும் மூணு மாசம் கெடக்க மாட்டானா?" என்றார். நான் விடவில்லை. பல முறை போன் செய்து நச்சரித்தேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்: பெட்டியை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், அஞ்சலகத்திலேயே நிறுத்தி வைக்கச் சொல்கிறேன், வந்து சேர்ந்த உடனே நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வியாபாரத்தில் உள்ளவர்கள் குளிர்காலத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

3. அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அஞ்சலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் என் மனைவியின் தங்கை பெவ். "உயிருள்ள பிராணி" என்று எழுதிய பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினால், நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, கானி வேலைக்குப் போயிருக்கும் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்து பெட்டியை நானே கையில் வாங்குவேன் என்று கர்ட்டிஸுக்கு உறுதி சொல்லி, வீட்டு முகவரிக்கே அனுப்ப வைத்தேன்.

4. பெட்டி வரவேண்டிய புதன்கிழமையன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. அதற்கு முந்தைய வாரமே தங்கள் அஞ்சலகத்தின் ஹீட்டர் நின்றுபோயிருந்தது. ஊழியர்கள் கோட்டும் தொப்பியுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கடியில் வைக்கும் சின்ன மின் ஹீட்டர் ஒன்றுதான் துணை, அதையும் மாலையில் பூட்டும்போது அணைத்துவிடுவார்கள். தேவையான பாகம் இன்னும் வந்து சேரவில்லை என்று நான் சொல்லியிருந்தேன். அது வந்து என் வண்டியின் பின்னால் கிடந்தது. அந்த வாரம் ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், வேறொரு காரணமும் இல்லை. புதன்கிழமை காலை, அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, உறைந்த ஏரியின் மேல் நண்பர் மார்வ் டால்கே போட்டிருக்கும் மீன்பிடிக் குடிலுக்குப் போனேன். உள்ளே அடுப்பு எரிந்தது. மீனும் கடித்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது.

5. வீட்டு வாசல் கதவில் திருமதி ப்ரூசோ எழுதிய சீட்டு செருகியிருந்தது. வந்தேன், பல முறை தட்டினேன், யாரும் இல்லை என்று இருந்தது. உடனே அஞ்சலகத்துக்கு வண்டியை விரட்டினேன். பூட்டியிருந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். அந்தக் கட்டடத்துக்குள் எவ்வளவு குளிர் இருக்கும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தவளை உள்ளே விறைத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் நான்தான் என்று அங்கே நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அது தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கசக்கி விறகடுப்பில் போட்டுவிட்டு, தங்கள் இணையதளத்தில் புகார் எழுதினேன். நாள் முழுவதும் வீட்டிலேயே காத்திருந்தேன், தபால் ஊழியர் வரவே இல்லை, என் பெட்டியைத் திருடினாரோ சாகவிட்டாரோ தெரியவில்லை என்று எழுதினேன். பொய் சொன்னால் வழக்கு உண்டு என்று அடியில் எச்சரித்திருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

6. மறுநாள் காலை, கானி கிளம்பிப் போன பிறகு, தன் வேலை நேரம் தொடங்குவதற்கு முன்பே, திருமதி ப்ரூசோ தன் சொந்தக் காரில் வந்து பெட்டியைக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். "ஆபீஸ்ல விட்டா பொழைக்காதுன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். ஃபிரிட்ஜ் மேல வெச்சிருந்தேன். பூனையைக் குளியலறையில போட்டுப் பூட்டினேன், ராத்திரி பூரா கத்திச்சு. பெட்டி ஆறவே இல்ல, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்" என்றார். தவளை உயிரோடு இருந்தது. கண் தெளிவாக இருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. "நேத்தே வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். புகார் போய்விட்டதே என்ற பயம், அவர் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம். திரும்பப் பெறலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டே இருந்தேன், செய்யவில்லை.

7. விசாரணை அதிகாரி போன் செய்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று வீட்டில் இருந்தீர்களா என்று கேட்டார். எதிரே கானி இருந்தார். ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஹீட்டர் நின்று கிடக்கும்போது ஏரிப் பக்கம் போகக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், போகவில்லை என்று நானும் சாதித்திருந்தேன். ஆகவே, "இருந்தேன்" என்றேன். ஊழியர் உங்கள் பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாரா என்று கேட்டார். "ஆமாம், அவரே சொன்னார்" என்றேன். முதல் பதில் பொய். இரண்டாவது உண்மை. ஆனால் முதலாவதோடு சேரும்போது, வாசலுக்கே வராமல் பெட்டியை அமுக்கப் பார்த்த ஒரு திருடியாக அவர் ஆகிவிட்டார். பத்தொன்பது வருடம் இந்தச் சாலையில் தபால் போட்டவர்.

8. அவர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட செய்தியை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது பெவ் சொல்லித்தான் அறிந்தேன். "ட்வைலாவை நிறுத்திட்டாங்க. எவனோ ஒருத்தன் புகார் குடுத்தானாம், பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. வேலையே போயிடும்போல இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னார். கானி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "எவன் அவன்? இந்தக் குளிர்ல அவன் வீட்டு ஹீட்டர் நின்னு போகணும்" என்றார். நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை பெவ் பக்கம் நகர்த்தினேன்.

9. அன்று பெவ் போன பிறகு கானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: தவளை, ஏரி, வண்டியில் கிடந்த பாகம், அடுப்பில் போட்ட சீட்டு. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? எங்க பொய் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அதன் பின் அவர் என்னோடு பேசுவது மிகவும் குறைவு. மறுநாளே திருமதி ப்ரூசோவின் வீட்டுக்குப் போனேன். ஹீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "எங்களுது நல்லாத்தானே ஓடுது வெர்லின்" என்றார். புகார் கொடுத்தவர் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல வேண்டியதை நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் கேட்டார்: "உங்க தவளை பொழைச்சுதா? அந்தப் பெட்டியை நான் கார்ல ஏத்தினதை எவனோ பார்த்துப் புகார் குடுத்திருக்கான், அதாலதான் எனக்கு இவ்வளவும். அது பொழைச்சிருந்தா சரி, நான் செஞ்சது வீணில்ல." நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

10. அந்தத் தவளை அதற்கு இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டது. புதிதாக வந்ததைக் குறைந்தது ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்து, தின்ன வைத்து, தேற்றிய பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும். தவளை வளர்க்கும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது, கர்ட்டிஸும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது வந்த அன்றே நான் சேர்த்துவிட்டேன். ஆண் கூப்பிடுகிறதே, போதாதா என்று நினைத்தேன். பெண் தவளை இலைக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது, சரியாகத் தின்னவில்லை, நாளுக்கு நாள் இளைத்தது. மினசோட்டாக் குளிரில் சாகாமல் ஒரு பெண்மணி காப்பாற்றிக் கொடுத்த உயிரை, வெதுவெதுப்பான தொட்டியில் வைத்து நான் கொன்றேன்.

11. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவது விதிமீறல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் மேல் "குளிரில் வைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அனுப்பியவர் முதல் வாங்கிய நான் வரை, அந்த வரியை மதித்து நடந்தவர் அவர் ஒருவர்தான். அன்று நான் வீட்டில் இல்லை என்பதற்கு மேற்படி மார்வ் டால்கே சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். அன்று பிடித்த மீன்களைப் பற்றியும் சொல்வார், அந்தக் கணக்கை மட்டும் தாங்கள் அப்படியே நம்ப வேண்டாம். அஞ்சலகத்தின் ஹீட்டரை இப்போது சரிசெய்துவிட்டேன்.

ஆகவே, அம்மையீர் அவர்கள் தயவுசெய்து பார்வையில் கண்ட என் புகாரையும் பதில்களையும் பொய் எனப் பதிவு செய்து, திருமதி ப்ரூசோ மீதான நடவடிக்கையைக் கைவிட்டு, திருட்டு என்ற சொல்லை அவருடைய பணிப் பதிவிலிருந்து அடியோடு நீக்கி, அவர் தபால் போட்டுவந்த சாலையை அவரிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டுகிறேன். பொய்ப் புகாருக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன். எங்கே, எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

வரும் வியாழக்கிழமை அவருடைய விசாரணை என்று பெவ் சொன்னார். இந்த மனுவை அங்கே எல்லோர் முன்னிலையிலும், என் பெயரோடு, உரக்கப் படிக்கச் செய்யுங்கள். நானும் வந்து ஓரமாக நிற்கிறேன். பத்தாம் பத்தியை மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டாம். தான் செய்தது வீணாகவில்லை என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை நாளும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அது இல்லை என்பதை ஓர் அலுவலக அறையில், ஊரார் நடுவே, வேறொருவர் வாயால் அவர் கேட்கக் கூடாது. புதன்கிழமைக்குள் அவர் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

வெர்லின் ஹாக்ஸ்டாட்
(கையொப்பம்)

இடம்: டமராக் பே
நாள்: பிப்ரவரி 17, திங்கட்கிழமை