அம்மா துடைத்த பசை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் அடுத்த தெருவுக்கே கேட்கும், அப்பாவுக்குக் கேட்காதா. அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அவர் குளிக்கப் போயிருக்கிறார்.

நீ அனுப்பிய கம்ப்யூட்டர் சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. போனில் உன் முகம் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிகிறது, இனிமேல் பெரிய திரையில் பார்க்கலாம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வாயெல்லாம் பல். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தையல் கடையில் நாள் பூராவும் கத்தரி பிடித்த கை, இப்போது அவர் சட்டைக்கே நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். விரலுக்கு வேலை கொடுத்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார், இவரோ அவர் கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கி அலமாரி மேலே போட்டுவிட்டார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. நீ வந்து பொருத்தும்போது எல்லாம் சுத்தமாக இருக்கட்டுமே என்று பெட்டிகளைப் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பிராசஸர் மேலே உட்காருமே ஒரு ஃபேன், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் என்னவோ பிசுபிசுவென்று அப்பியிருந்தது. புதுச் சாமானில் இவ்வளவு அழுக்கா என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பளபளவென்று துடைத்துவிட்டேன். நாற்காலியை விட்டு அசையாத மனுஷன் எழுந்து வந்தார். அடிப்பாவி, அது அழுக்கில்லடி, சூட்டை இழுக்கிற பசை, அது இல்லாம மாட்டினா உள்ள வெந்துபோயிடும் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். எப்படிப் பொருத்துவாய் என்று காட்ட நீ போனில் அனுப்பிய வீடியோவை நான் கடைத்தெருவுக்குப் போகிற நேரமெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார், கள்ளன். என் முழியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து ஆளே வேறு. உன் படிக்கிற மேசையைக் காலி பண்ணச் சொன்னார். துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, மதர்போர்டு இங்கே, ஸ்க்ரூ இங்கே, எல்லாவற்றையும் உள்ளே மாட்டுகிற பெட்டி இங்கே என்று அளந்து அளந்து மேசை மேலேயே கோடு போட்டார். பாதிக் கோடு இடது கையால், மீதி வலது கையால். வலது கைக் கோடு நெளிந்துதான் போகிறது, அழிக்காமல் விட்டிருக்கிறார். துடைக்கிற துணியோடு அந்தப் பக்கம் வரவே கூடாது என்று எனக்குத் தடை. ஒரு பழைய பலகையில் ஸ்க்ரூவை முடுக்குவதும் கழற்றுவதுமாக இருந்தார். கீழே விழும், எடுப்பார், மறுபடியும் விழும். நான் கீரை ஆய்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய். நீங்க எதையும் தொடாதீங்க, லீவுக்கு வந்து அரை மணியில நானே மாட்டிடுறேன் என்றாய். உன்மேல் தப்பில்லை ராசா, நீ பாசத்தில் சொன்னாய், ஆனால் அது அவர் காதில் விழுந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை டிராயரில் போட்டு மூடிவிட்டார், கை மறுபடியும் துண்டுக்குள் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ மாட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் போகட்டும், கெட்டாலும் போகட்டும், எனக்கு அந்தக் கை வேண்டும். முடியுமாப்பா என்று மட்டும் கேட்டுவிடாதே, எப்பப்பா முடிப்பீங்க என்று கேள்.

இதை எழுதி நிமிர்ந்தால் ஈரத் தலையோடு முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். எவ்வளவு படித்தாரோ தெரியவில்லை. என்னைப் பத்திக் கோள்மூட்டுறியா, பேனாவைக் குடு என்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதனால் முடித்துக்கொள்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே. நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு கண்ணா. கீழே அவர் எழுதுவது மேலும் கீழுமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. பேனாவுக்கு வலது கையைத்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

உன் அம்மா

பசை வாங்கி அனுப்பு. என் பேருக்கு அனுப்பு. அம்மா கையில் கிடைக்கக் கூடாது.
அப்பா